ஏறுகிற வண்டிக்கு வழி

காளிமுத்து ஓட்டிய வண்டிகளில் ஒன்றுகூடப் பேப்பர் இல்லாமல் ரோட்டில் இறங்கியதில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டிரைவர் சீட்டுக்கு மேலே சொருகி வைத்திருப்பார். மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவரை எந்தப் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்கப் போகிறார்? அந்த ரோட்டில் போலீஸைவிடக் காட்டெருமைதான் அதிகம் குறுக்கே நிற்கும். ஆனாலும் அப்படி ஒரு பிடிவாதம். கிளீனராக இருந்த வயதில் ஒரு முதலாளி பேப்பர் இல்லாத வண்டியைக் கொடுத்தனுப்பி, அது மேட்டுப்பாளையத்தில் மாட்டி, வண்டியோடு இவரும் ஸ்டேஷன் வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பிடித்த பயம் பிறகு பழக்கமானது. வயது ஏறியதும் அதற்கே கொள்கை என்று பெயர் வந்துவிட்டது.

அவருடைய அப்பா அய்யாவு இலங்கைத் தோட்டத்திலிருந்து இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர். கப்பலில் வரும்போது காளிமுத்து இடுப்புக் குழந்தை. வந்து சேர்ந்த இடமும் மலை, வேலையும் தேயிலை, குளிரும் அதே குளிர். எதற்காகக் கடல் தாண்டினோம் என்று அய்யாவுக்குச் சாகும்வரை விளங்கவில்லை. காளிமுத்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் இருந்த எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். கேட்டில் நோட்டீஸ் தொங்கியது. கணக்கு முடித்துக்கொள்கிறவர்கள் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிப் போகலாம் என்றது. வரிசை வீடுகளான லயத்தில் பாதி கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிற்று. அய்யாவு போடவில்லை. தினமும் காலையில், வேலைக்கு ஆள் எடுக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய், பூட்டிய கேட்டுக்கு எதிரே குந்திக்கொள்வார். யூனியன்காரர்கள் பேசிப் பேசி, இழுத்து இழுத்து, கடைசியில் கேட் திறந்தது. இருந்தவர்களுக்கு வேலையும் வீடும் மிஞ்சின. கையெழுத்துப் போட்டவர்கள் திரும்பி வந்து கெஞ்சியும் உள்ளே விடவில்லை.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் 'கணக்கு முடிக்கிறது' என்பது கெட்ட வார்த்தை. மருமகளாக வந்த பாலாமணிக்குக்கூட அது ஒட்டிக்கொண்டது. யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால், "வெளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சுங்க இது" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மழைக்காலத்தில், லாரியை ஃபேக்டரி முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது, காளிமுத்துவின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிரேக் என்று மனசு சொல்கிறது, கால் சும்மா கிடக்கிறது. நல்லவேளை, பின்னால் கொழுந்து மூட்டைகள் அடுக்கியிருந்தன. வண்டி அதில் போய் மெத்தென்று மோதி நின்றது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். பேச்சு தப்பித்தது, கை தப்பித்தது. வலது கால் மட்டும் அரைக்கூலிக்கு வேலை செய்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டது. லைசென்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்டுப் போனபோது டாக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

நிர்வாகம் இரக்கப்பட்டு அவருக்கு லைட் டூட்டி கொடுத்தது. ஃபேக்டரி கேட்டில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளுக்குக் கேட்டைத் திறந்துவிட வேண்டும். இரக்கப்படுகிறவர்களுக்கு இப்படித்தான் யோசனை வரும். தன் கையில் இருந்த லாரிக்கு அவர் தினமும் கேட்டைத் திறந்துவிட்டார். புது டிரைவர் மூன்றாவது கியரில் இறக்கத்தில் வருகிற சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அவர் கை தானாக இரண்டாவது கியரைத் தேடும். கேட்டைத் திறப்பார், சாத்துவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்காருவார்.

அவர்களுடைய ஒரே மகள் வாசுகி கோயம்புத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அப்பாவின் காலுக்குத் தினமும் அமுக்கி எடுக்கிற பயிற்சி வேண்டும், இல்லையென்றால் இருக்கிறதும் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் அவளிடம்தான் சொன்னார்கள். துணியைச் சுருட்டி வைத்து அமுக்கச் சொன்னார்கள். காளிமுத்து இரண்டு நாள் அமுக்கினார், மூன்றாம் நாள் துணியை உதறி மடித்து வைத்துவிட்டார். வாசுகி யோசித்தாள். கூட வேலை செய்கிறவளின் அண்ணன் விற்ற பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், அதோடு சேர்த்து மாட்டுகிற ஸ்டீயரிங்கையும், மூன்று பெடலையும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறி வந்தாள். வருகிற வழியில் ஊட்டியில் இறங்கி, காந்தலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜாபேஸிடம் ஒரு லாரி கேமையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள்.

காளிமுத்து முதலில் அந்த ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. பொம்மை என்றார். பாலாமணி ரேஷன் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்துத் தொட்டார். திரையில் ஏதோ ஒரு நாட்டு மலை. பைன் மரம், மூடுபனி, கொண்டை ஊசி வளைவு. "நம்ம கெத்தை மலை ரோடு மாதிரியில்ல இருக்கு" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்தது. இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் மறுபடி அதே இடத்தில் நின்றது.

"வாசுகி, இது ஒரிஜினலா?" என்று போனில் கேட்டார்.

"ஒரிஜினல் மாதிரியேதான்ப்பா. பூட்டை ஒடச்சுக் காப்பி எடுத்தது. ஜாபேஸ் அண்ணங்கிட்டச் சொல்லி வேற ஏத்தித் தர்றேன்."

"அப்போ திருட்டு வண்டி."

"எல்லாரும் அதத்தான்ப்பா ஓட்டறாங்க."

"ஓட்டட்டும். எனக்கு வேண்டாஞ்சாமி."

வாசுகிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அப்பா ஒன்று வேண்டுமென்று கேட்டு வருஷக்கணக்கானது என்பதும் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை வரும்போது கோயம்புத்தூர்க் கடையில் பெட்டியோடு வாங்கி, பில்லும் கொண்டுவந்தாள். காளிமுத்து பில்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பீரோவில் காலியாகக் கிடந்த அந்தப் பழைய பிளாஸ்டிக் கவரை எடுத்து, பெட்டியையும் பில்லையும் அதில் போட்டு, கம்ப்யூட்டருக்கு மேலே ஆணியில் மாட்டினார். பிறகுதான் உட்கார்ந்தார்.

இந்த ஒரிஜினலில் ஒரு சங்கதி இருந்தது. வண்டியை எடுக்கும்போதெல்லாம் அது எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு நெட் வழியாகப் போய், இந்த ஆள் காசு கொடுத்து வாங்கினவர்தானா என்று கேட்டுவிட்டு வரும். அங்கிருந்து சரி என்று சொன்னால்தான் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும். தனியாக ஓட்டினாலும் அப்படித்தான். காளிமுத்துவுக்கு இது வினோதமாகப் படவில்லை. காலையில் ஆபீஸில் பேர் கொடுத்துவிட்டுத்தானே மலைக்குப் போகிறோம் என்றார். நெட் பெட்டியை டவர் தெரிகிற சன்னலில் கயிறு போட்டுக் கட்டினார். மலையைக் குடைந்து கரண்ட் எடுக்கிற குந்தாவுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நாளுக்கு இரண்டு தடவை கரண்ட் போவதைப் பற்றிக் கொஞ்சம் திட்டினார். மற்றபடி சாயங்காலங்கள் நன்றாகவே போயின.

அந்த ரோட்டில் அவர் மட்டும் இல்லை. உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் அதே ரோட்டில் லாரி ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்று சொல்லக் கூடாது, பறந்தார்கள். வளைவில் இடித்துத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். காளிமுத்து லோடோடு இரண்டாவது கியரில் ஏறினார், இரண்டாவது கியரிலேயே இறங்கினார். புரியாத பாஷைகளில் வசவு வாங்கினார். வாங்கட்டும், ரோட்டில் இருந்தால் வசவும் உண்டு. வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு முதலில் தடவித் தடவிப் போனது. பிறகு தடவாமல் போனது. அதைப் பாலாமணிதான் முதலில் கவனித்தாள். கேட்டிலிருந்து வீட்டுக்கு ஏறி வரும்போது அவர் காலை இழுக்கிற சத்தம் குறைந்திருந்தது.

ஒரு நாள் குறுகலான வளைவில் லோடோடு ஏறிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு லாரி இறங்கி வந்தது. காளிமுத்து இடி வாங்கத் தயாராகிப் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த லாரி ஓரத்தில் ஒதுங்கி நின்றது. லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். லோடோடு ஏறுகிறவன் பாதியில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. மலையில் வண்டி ஓட்டுகிறவன் எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த கேமில் அதுவரை எவனும் நின்றதில்லை.

"யாரு சாமி நீ, இந்தா ஏறி வந்துட்டேன், இரு இரு" என்று காளிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் மைக் அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

"அய்யோ சேட்டா, தமிழா?" என்று மலையாளம் கலந்த ஒரு குரல் கேட்டது.

அவன் பெயர் டெனின். கூடலூரில் மொபைல் கடை வைத்திருந்தான். அவனுடைய அப்பா நாடுகாணிப் பக்கம் ஜீப் ஓட்டியவர். இத்தனை பெரிய உலகத்தில் வழி விட்ட ஒரே ஆள் இதே மாவட்டத்தின் அடுத்த மூலையில் இருந்தான் என்பது காளிமுத்துவுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் ஒருவர் ஏற ஒருவர் இறங்கினார்கள். அந்த வளைவில் சந்தித்தால் இறங்குகிறவர் ஒதுங்குவார், ஏறுகிறவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். கடையில் கூட்டம், மழை, எஸ்டேட்டில் யார் வீட்டில் கல்யாணம் என்று பேச்சு ஓடும். நேரில் அவர்கள் பார்த்துக்கொண்டதே இல்லை.

வருஷம் ஒன்று போயிருக்கும். கேமைத் திறந்தால் முதலில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் வர ஆரம்பித்தது. காளிமுத்து ஓகேயை அமுக்கிவிட்டு வண்டியை எடுத்தார். தினமும் வந்தது, தினமும் அமுக்கினார். லீவுக்கு வந்த வாசுகி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, கம்பெனிக்காரங்க அந்த சர்வர மூடப் போறாங்க. அதுக்கப்புறம் இது ஓடாது. வாங்குனவங்களுக்குப் பணத்தத் திருப்பித் தர்றாங்களாம், தேதி போட்டிருக்காங்க. இங்க அமுக்குனாப் போதும்."

"அமுக்குனா?"

"பணம் வந்துரும். கேம் உங்க கணக்குல இருந்து போயிரும்."

காளிமுத்து ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "அப்போ கணக்கு முடிக்கச் சொல்றாங்க."

அடுப்படியில் இருந்த பாலாமணி எட்டிப் பார்த்தாள். வாசுகி தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"இது எஸ்டேட் இல்லப்பா."

"எல்லாம் ஒண்ணுதாங்கண்ணு. நோட்டீஸ் ஒட்டறது அவன் வேலை. அத நம்பிக் கையெழுத்துப் போட்டவன் கதி என்னாச்சுன்னு தெரியுமில்ல? உலகம் பூரா இத்தன பேரு ஓட்டறாங்க. கேக்காம உட்ருவாங்களா? பேச்சுவார்த்தை வரும். எடத்த உட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான்."

"இதுக்கு யாருப்பா யூனியன்?"

"இருப்பாங்க."

இருக்கத்தான் செய்தார்கள். வெளிநாடுகளில் கேம் வாங்கியவர்கள் கூடிக் கையெழுத்து வாங்குகிறார்கள், சர்க்காரிடம் மனு கொடுக்கிறார்கள் என்று டெனின் சொன்னான். காளிமுத்து அதைப் பாலாமணியிடம் பெருமையாகச் சொன்னார். டெனின் இன்னொன்றும் சொன்னான், தயங்கித் தயங்கி.

"நான் பணத்துக்கு அமுக்கிட்டேன் சேட்டா, நாளையிலருந்து எனக்கு கேம் வராது. எந்தா செய்ய? எப்படியும் அடைக்கப் போறாங்க."

காளிமுத்து அந்த வளைவில் வண்டியை நிறுத்திவிட்டார். "பரவால்ல தம்பி" என்றார் கடைசியில். திருப்பூருக்குப் போனவர்களைப் பற்றி அய்யாவும் அப்படித்தான் சொல்லுவார்.

சொன்ன தேதியில் மூடினார்கள். காளிமுத்து அன்றைக்குக் கேட் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது, இணைக்க முடியவில்லை என்று திரை சொன்னது. நெட்டாக இருக்கும் என்று பெட்டியைச் சன்னலின் மறுபக்கம் கட்டினார். கூரை மேல் ஏற்றிவிடப் பாலாமணியைக் கூப்பிட்டார். அவள் ஏறி வைத்துவிட்டு இறங்கி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "மூடிட்டாங்க போலருக்குங்க" என்றாள். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். கம்ப்யூட்டரைப் போடுவார், நோட்டீஸைப் பார்ப்பார், காத்திருப்பார், அணைப்பார்.

"உங்கப்பா கேட்டு முன்னால குந்துன மாதிரியே குந்துறீங்க" என்றாள் பாலாமணி. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், முடித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவர் காலை இழுக்கிற சத்தம் படியில் மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தது.

வாசுகிதான் ஊட்டியில் உள்ள நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டாள். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, நாமே பேசலாம் என்று விசாரித்து வைத்திருந்தாள். எதிர்த்தரப்பு, விற்ற கடையும் இந்தியாவில் அதை விநியோகம் செய்த கம்பெனியும். என்ன வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் என்னப்பா எழுதட்டும் என்று கேட்டாள். "ரோட்டத் திறந்து உடணும்னு எழுது" என்றார். அவள் அதை முதலில் எழுதிவிட்டு, கீழே நஷ்டஈடும் கேட்டு வைத்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

பிறகு வந்தது அலைச்சல். மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போவது கால் நன்றாக இருக்கிறவனுக்கே வேலைதான். ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் எந்த கியரில் போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு போவார். அங்கே போனால் கம்பெனி வக்கீல் வரவில்லை, வாய்தா. அடுத்த தடவை வக்கீல் வந்தார், பதில் மனுவுக்கு நேரம் கேட்டார், வாய்தா. ஒரு தடவை மண் சரிந்து பஸ் பாதியில் நின்று, இவர் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் கேட் வேலையில் லீவு கேட்க வேண்டும். "கேமுக்குக் கேஸா?" என்று ஆபீஸ் கிளார்க் சிரித்தார். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் வர்க்கி வாங்கிக்கொண்டு ஈரச் செருப்போடு திரும்பி வருகிற சாயங்காலங்களில், எதற்காக இப்படி அலைகிறோம் என்று அவருக்கே வெறுத்துப் போகும். மறுபடி தேதி வந்தால் மறுபடி கிளம்புவார். பாலாமணி ஃபிளாஸ்கில் டீயை ஊற்றிக் கொடுப்பாள்.

விசாரணைக்கு வந்த அன்றைக்கு ஆணையத்தின் தலைவராக இருந்த அம்மா கம்பெனி வக்கீலைத்தான் முதலில் பேசச் சொன்னார். வக்கீல் மோசமானவர் இல்லை. நிதானமாகவே பேசினார். மனுதாரர் வாங்கியது கேமை அல்ல, அதை ஆடுவதற்கான அனுமதியை மட்டும்தான். அந்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று நிபந்தனையில் இருக்கிறது. ஆரம்பத்தில் அதைப் படித்துச் சம்மதம் என்று மனுதாரர் அமுக்கியிருக்கிறார். தவிர, பணத்தைத் திருப்பித் தர கம்பெனி முன்வந்தது. மனுதாரர் வாங்கிக்கொள்ளவில்லை.

"சம்மதம்னு அமுக்குனீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அமுக்குனேங்கம்மா. அமுக்கலைன்னா வண்டி ஸ்டார்ட் ஆகாதுங்க."

"பணம் தர்றேன்னு சொன்னப்ப ஏன் வாங்கலைங்க?"

காளிமுத்துவுக்கு இதற்குப் பதில் தெரியும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். ஆனால் எழுந்து நின்றதும் எல்லாம் குழம்பிவிட்டது. எஸ்டேட் என்றார், பூட்டு என்றார், அப்பா கேட்டுக்கு முன்னால் என்றார். கையெழுத்துப் போட்டால் பாத்தியதை போய்விடும் என்றார். வக்கீல்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் புரியாமல் பார்த்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. கடைசியில், "பணம் வேண்டாங்கம்மா, ஓட்டறதுக்குத்தான் வாங்குனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

உத்தரவு வந்தது. காளிமுத்து ஜெயித்திருந்தார். நெட்டில் கம்பெனியின் தயவு இருந்தால்தான் ஓடும், அந்தத் தயவை ஒரு நாள் நிறுத்துவோம் என்பதைப் பெட்டியின் மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடாதது தவறு. பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்கும் அலைச்சலுக்கும் நஷ்டஈடு தர வேண்டும். பக்கத்தில் வேறு வழக்குக்கு வந்திருந்த ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். காளிமுத்து எழுந்து நின்றார்.

"அம்மா, ரோடு எப்பங்க திறப்பாங்க?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கம்ப்யூட்டரையெல்லாம் அவங்க எடுத்துட்டாங்களாம். நாங்க சொன்னாலும் திரும்ப வராதுங்க. எங்களால முடிஞ்சது இதுதான்."

"சரிங்கம்மா" என்றார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். ஏதோ ஒரு நகலை வாங்கிக்கொண்டதற்கான கையெழுத்துதான். ஆனால் போட்டு முடித்ததும் உடம்பிலிருந்த தெம்பெல்லாம் இறங்கிப் போனது. கணக்கு முடிந்துவிட்டது. அய்யாவு கேட்டைத் திறக்க வைத்தார். தான் ஜெயித்தும் வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் காந்தலுக்கு நடந்தார். மெல்லத்தான் நடக்க முடிந்தது. ஜாபேஸ் கடையில் ஒரு பிரின்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்குகிற ஆள். வாசுகி வழியாகக் கேஸ் விவரம் எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"என்னங்கண்ணா ஆச்சு?"

"ஜெயிச்சுட்டேன்" என்றார் காளிமுத்து. இழவு சொல்கிற குரலில் சொன்னார்.

ஜாபேஸ் ஸ்டூலை நகர்த்திப் போட்டான். டீ சொன்னான். "அண்ணா, அந்த கேமு இருக்குது. எங்கியோ வெளிநாட்டுல ஆளுங்க உக்காந்து அந்தப் பூட்டக் கழட்டிட்டாங்க. கம்பெனிய கேக்காமயே ஓடும். நின்னு நின்னு போகாது, நானே ஓட்டிப் பாத்துட்டேன். ஆனா ஒண்ணு, ஒத்தையிலதான் ஓட்டணும். வேற வண்டி வராது."

காளிமுத்து டீயைக் குடித்து முடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் இப்படி ஒரு பொருளைக் கேட்டு வாங்கியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது.

"போலீஸ் பிடிக்குமா தம்பி?"

"உங்களையா?" என்று ஜாபேஸ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பென்டிரைவைக் கையில் கொடுத்துவிட்டு, பாக்கெட்டுக்குப் போன அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரிஜினல் வச்சிருக்கற ஒரே ஆளு நீங்கதாங்கண்ணா. உங்ககிட்டப் போயி என்னத்த வாங்கறது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசுகி போனில் சொல்லச் சொல்லப் பாலாமணி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வெளியே பனி இறங்கி, எதிர்லயம் தெரியவில்லை. காளிமுத்து உட்கார்ந்து பெடலில் காலை வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டார்ட்டை அமுக்கப் போன கையை நிறுத்தினார்.

"பாலா, அந்தக் கவர எடு."

பாலாமணி ஆணியிலிருந்து கவரை எடுத்தாள். உள்ளே பெட்டி, பில், இப்போது கூடவே ஆணையத்தின் உத்தரவு. "எதுக்குங்க?"

"இங்க பக்கத்துல வை. யாராச்சும் கேட்டாக் காட்டணுமில்ல."

"இங்க வந்து யாருங்க கேக்கப் போறாங்க?"

"சாவிதான் வேற. பேப்பரு நம்முளுது" என்றார். அவளுக்குச் சொன்னாரோ, தனக்குச் சொன்னாரோ.

இஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது. யாரையும் கேட்கவில்லை. அதே ரோடு, அதே பைன் மரம், அதே மூடுபனி. மலை உச்சியிலிருந்து லோடோடு இரண்டாவது கியரில் இறக்கினார். கால் முதலில் தடவியது, பிறகு பழசெல்லாம் ஞாபகம் வந்து ஒழுங்காகப் போனது. இடிக்க ஆள் இல்லை. திட்ட ஆள் இல்லை. ரோடு முழுக்க அவருக்கே விட்டிருந்தார்கள். இவ்வளவு சுலபமாக அவர் எந்த மலையிலும் இறங்கியதில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுப்படியில் பாலாமணி டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். இஞ்சின் சத்தம் இறங்கி, ஒரே சுருதியில் நின்று ஓடுவது கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்தாள். சத்தம் மாறவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏனுங்க, நின்னுருச்சா? மறுபடி பூட்டிட்டாங்களா?"

"இல்ல. ஓரங்கட்டியிருக்கேன். ஏறுற வண்டிக்கு வழி உடணுமில்ல."

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அந்தக் குறுகலான வளைவில் லாரி ஓரமாக ஒதுங்கி, லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. எதிரே ரோடு காலியாகக் கிடந்தது.

"யாரும் வரலைங்களே."

"தெரியும்" என்றார் காளிமுத்து.

பிரேக்கின் மேல் இருந்த வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.